கொண்டலாத்தியும் கறுப்புத் திரையும்

ஒரு காட்டில் மரங்களைவிட மரங்களைப் பற்றிய பதிவேடுகள் அதிகமாக இருந்தன. எந்த மரத்தில் யார் கூடு கட்டியிருக்கிறார்கள், எந்தப் பொந்து காலி, எந்த மரத்தை வெட்டப் போகிறார்கள் என்பதையெல்லாம் எழுதி வைக்க மரப் பதிவு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஓர் உடும்பு. பிடித்தால் விடாத இனம் என்று பெயர். அது பிடித்துக்கொண்டிருந்தது நாற்காலியை மட்டும்தான்.

ஒரு நாள் ராஜா சிங்கத்துக்குக் காட்டை நவீனமாக்க வேண்டும் என்று ஆசை வந்தது. பதிவேடுகள் எல்லாம் ஓர் இயந்திரத்துக்குள் போயின. அந்த இயந்திரத்துக்கு முகம் என்று இருந்தது ஒரு கறுப்புத் திரை. படம் கிடையாது, தொட்டால் திறக்கும் பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். திரை ஒரே வரியில் பதில் சொல்லும். ஓர் எழுத்து பிசகினால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். குணத்தில் உடும்பேதான், ஆனால் இது மதியத்தில் தூங்காது.

இயந்திரத்தைச் செய்து கொடுத்தவை கரையான்கள். கரையான்களுக்குக் கண் கிடையாது. திரை செய்யும் வேலையைப் போய்க் கரையான்களிடம் ஏன் கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். டெண்டர் நிபந்தனைகளில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இயந்திரம் வந்ததும் ராஜா இன்னொரு உத்தரவு போட்டார். ‘காட்டில் உள்ள ஒவ்வோர் இனத்தோடும் அதனதன் மொழியிலேயே திரை பேச வேண்டும்.’ நல்ல உத்தரவு. நல்ல உத்தரவுகளால் வருகிற தொல்லைகளுக்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் புகார்ப் பெட்டி இருப்பதில்லை.

அந்தக் காட்டில் கொண்டலாத்திகள் பன்னிரண்டு குடும்பம் இருந்தன. தலையில் விசிறிக் கொண்டை, நீண்டு வளைந்த அலகு. எப்போதோ மேற்கேயிருந்து பறந்து வந்து தங்கிவிட்டவை. வெளியில் காட்டு மொழி பேசினாலும் அவை எழுதுவதும் படிப்பதும் எபிரேயத்தில். எபிரேயத்தை வலது பக்கம் தொடங்கி இடது பக்கமாக எழுத வேண்டும். எண்களை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக எழுதுவார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

மொழிபெயர்ப்பு வேலை மைனாவுக்குக் கிடைத்தது. வேலையைக் குறை சொல்ல முடியாது, அது செய்தது நல்ல எபிரேயம்தான். ஆனால் கரையான்களின் திரைக்குத் தெரிந்தது ஒரே திசை. முதல் எழுத்தை இடது ஓரத்தில் வைக்கும், அடுத்ததை அதற்கு வலப்பக்கம் வைக்கும், இப்படியே அடுக்கிக்கொண்டு போகும். அதனால் எபிரேயம் முழுக்கப் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றது. எண்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன.

முதலில் இதைப் பார்த்தவன் பாரூக் என்ற கொண்டலாத்தி. ஊரில் நாலு எழுத்து படித்தவன், எதையும் ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறவன். நேரே உடும்பிடம் போனான்.

“சார், எங்க எழுத்தெல்லாம் பின்னாலேர்ந்து வருது சார்.”

உடும்பு திரையை எட்டிப் பார்த்தது. அதற்கு எபிரேயம் நேராகவும் தெரியாது, திருப்பிப் போட்டாலும் தெரியாது.

“எழுத்து எல்லாம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“ஏதாச்சும் குறையுதா?”

“குறையல சார். ஆனா...”

“அப்புறம் என்னய்யா? குடுக்க வேண்டியத எல்லாம் குடுத்தாச்சு. வரிசைப்படுத்திப் படிச்சுக்கறது உங்க பொறுப்பு.”

பாரூக் விடவில்லை. எந்த எழுத்து எங்கே வர வேண்டும், எண் எப்படி நிற்க வேண்டும் என்று விளக்கி, படம் போட்டு, கரையான்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினான். கரையான்களுக்குக் காகிதத்தில் கடிதம் அனுப்பினால் அது என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாரூக்குக்குத் தெரியவில்லை. படித்தவன் அல்லவா?

திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. விழாவில் ராஜா எபிரேயத் திரையைத்தான் திறந்து வைக்கப் போகிறார் என்று தகவல் வந்ததும் உடும்புக்கு வியர்த்தது. அது மைனாவைக் கூப்பிட்டது.

“அந்தப் பறவை சொல்றது நெஜமாம்மா?”

“நெஜந்தான் சார். கரையானுங்க பதில் போடறதுக்குள்ள விழா முடிஞ்சிரும். நானே ஒண்ணு பண்றேன்.”

மைனா ஒரு சின்ன நிரல் எழுதியது. அதற்குத் ‘திருப்பி’ என்று பெயர் வைத்தது. எபிரேய வரி எது வந்தாலும் அதைப் பிடித்து, வாலைத் தலையாகவும் தலையை வாலாகவும் திருப்பிப் போட வேண்டியது அதன் வேலை. உள்ளேயிருந்து திரைக்கு வருகிற வரியையும் திருப்பும், நாம் தட்டி உள்ளே அனுப்புகிற வரியையும் திருப்பும். ‘நல்வரவு’ என்று எபிரேயத்தில் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அழகாக வந்தது. சோதனை அத்தோடு முடிந்தது.

விழாவில் கொண்டலாத்திகளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ராஜா பாதத்தால் ஒரு தட்டுத் தட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வலமிருந்து இடமாகப் படிக்கும்படி ஒழுங்காக வந்து நின்றன. பாரூக் இரண்டு முறை படித்தான். அரசாங்கம் தன் மொழியில் தன்னை வரவேற்கிறது! கண்ணைத் துடைத்துக்கொண்டே, உடும்பு நீட்டிய திருப்திப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். அலுவலகச் சுவரில் ‘எபிரேயம்: முழுமை’ என்று முத்திரை குத்தி ஒட்டினார்கள்.

வரியை முழுதாகத் திருப்பினால் அதிலுள்ள எண்ணும் திரும்பிவிடும் என்பதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நல்வரவில் எண் ஏது?

மழை முடிந்த மாதம், அலுவலகத்துக்கு நேரான பாதை போடுவதாக முடிவாயிற்று. குறுக்கே நிற்பது ஒரே ஒரு மரம், அறுபத்திரண்டாம் எண் மருத மரம். அந்த மரத்துப் பொந்தில்தான் பாரூக்கின் மனைவி தீர்சா ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். நேரில் வந்து பார்த்திருந்தால் அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அடைகாக்கும் கொண்டலாத்திக் கூட்டின் நாற்றம் காடறிந்தது. கள ஆய்வு என்றாலே எல்லோருக்கும் தலைவலி வந்துவிடும். அதனால் ஆய்வை மேஜையிலேயே முடித்துக்கொண்டார்கள்.

காட்டு மொழியில் திரை சொன்னது: ‘வெட்டப்படும் மரம்: 62.’

பாரூக் போய்த் தன் மொழியில் படித்தான். ‘வெட்டப்படும் மரம்: 26. ஆட்சேபம் இருந்தால் பத்து நாளில் தெரிவிக்கவும்.’ வரி அத்தனை சுத்தமாக இருந்தது. இரண்டு முறை படித்தான். இருபத்தாறாம் எண் போன வருஷமே வெட்டப்பட்டு வெறும் அடிக்கட்டையாக நிற்பது அவனுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். பாரூக் அந்த அலுவலகத்தோடு பழகியவன். வெட்டின மரத்தையே மறுபடி வெட்டுகிறார்கள் என்றால் வேலை வழக்கம்போல நடக்கிறது என்றுதானே அர்த்தம்? சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் பறந்து, தீர்சாவிடமும் சொல்லிச் சிரித்தான்.

ஒன்பதாம் நாள் காலை ஒரு யானை வந்து மருத மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டது.

“யானையண்ணே, என்னண்ணே இது?” என்று பதறினான் பாரூக்.

“நாளன்னைக்குத் தள்ளணும். சீட்டு வந்திருக்கு.”

“இது அறுபத்திரண்டுண்ணே. வெட்டறது இருபத்தாறு.”

யானை சீட்டை எடுத்துக் காட்டியது. 62 என்றுதான் இருந்தது. “மரத்தோட எனக்கு என்ன தம்பி பகை? சீட்டுல என்ன நம்பர் இருக்கோ, மரத்துல தொங்குற நறுக்குல அதே நம்பர் இருக்கணும். இருந்தா தள்ளுவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்” என்றது. அந்தக் காட்டில் ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதிய ஓலை நறுக்கு ஒன்றை நாரில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். யானை அதை ஒருமுறை தும்பிக்கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பாரூக் அலுவலகத்துக்கு ஓடினான். மூச்சு வாங்க, “சார், அறுபத்திரண்டு சார், என் வீடு சார், உள்ளே முட்டை இருக்கு சார்” என்றான்.

“வாயில சொன்னா செல்லாது. திரையில ஆட்சேபம் போடுங்க. எபிரேயத்துலயே போடுங்க. உங்களுக்குன்னுதானே பண்ணி வச்சிருக்கோம்?”

பாரூக் அலகால் தட்டினான். ‘62 எண் மரத்தில் என் மனைவி அடைகாக்கிறாள். வெட்டாதீர்கள்.’ திரையில் வரி பிழையில்லாமல் நின்றது. அனுப்பினான். திருப்பி அதைப் பிடித்துத் திருப்பியது. உள்ளே 26 என்று பதிவாகியது.

கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் அத்தனை வேகம் அதுவரை கிடையாது. உடும்புக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“வாழ்த்துக்கள்யா! உங்க ஆட்சேபத்த ஏத்துக்கிட்டோம். இந்த வருஷம் ஒரு ஆட்சேபத்தக்கூட ஏத்துக்கலியேன்னு மேலேர்ந்து கேட்டுட்டே இருந்தாங்க. இந்தாங்க உத்தரவு.”

உத்தரவு காட்டு மொழியில் இருந்தது. ‘26-ஆம் எண் மரம் இன்று முதல் பாதுகாக்கப்பட்ட மரம்.’

“சார், இது கட்ட சார்! போன வருஷம் வெட்டின அடிக்கட்ட!”

“கேட்டது நீங்க. குடுத்தது நாங்க. ஏத்துக்கிட்ட ஆட்சேபத்து மேல ஆட்சேபம் போட எங்ககிட்ட படிவமே இல்ல.”

“அப்ப காட்டு மொழியில ஒண்ணு போட்டுக்கறேன் சார். ஒரே ஒரு வரி.”

உடும்பு காதில் விழக்கூடாதது விழுந்த மாதிரி நெளிந்தது. “அதெல்லாம் முடியாதுய்யா. தாய்மொழியில சேவை உங்க உரிமை. அத விட்டுக்குடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்ல.”

பக்கத்து மேஜையிலிருந்த மைனா சீட்டையும் உத்தரவையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாரூக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று.

“அண்ணே, சத்தம் போடாதீங்க. எழுத்தோட சேந்து எண்ணும் திரும்பிடுச்சு. எனக்குத் தோணவே இல்லண்ணே.”

“அத அவர்கிட்ட சொல்லும்மா. எங்க புள்ளைங்க உசுரு.”

“சொன்னா சுவத்துல இருக்கற முத்திர பொய்ன்னு ஆயிடும். ராஜா கையால தொறந்தது. என் வேலை போறது மட்டுமில்ல, என்னைய அடிச்சே போட்ருவாங்க” என்று மைனா அழுதது. நிஜமாகவே அழுதது. அழுதுவிட்டு மேஜைக்குத் திரும்பிப் போய் வேலையைப் பார்த்தது.

பாரூக் கொண்டை சரிந்து வீட்டுக்கு வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். தீர்சா முட்டைகளை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் பொந்துக்கு வெளியே நீட்டிக் கேட்டாள்.

“ஏங்க, அந்த யானை மரத்தப் பாக்குமா, நறுக்கப் பாக்குமா?”

“நறுக்கத்தான்.”

“அப்ப போயி அந்தக் கட்டயோட நறுக்க எடுத்துட்டு வாங்க. நம்ம நறுக்க அங்க கட்டிடுங்க.”

“அது குத்தம் தீர்சா. அரசாங்க எண்ண மாத்தறது...”

“அரசாங்கமே மாத்திட்டுத்தான உக்காந்திருக்கு? இதுக்குள்ள ஆறு பேர் இருக்காங்க. குத்தம்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் அந்தக் காட்டையே சுருட்டிக்கொண்டு போனாலும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பாரூக் ஓர் ஓலை நறுக்கை அலகில் கவ்விக்கொண்டு போனான், இன்னொன்றைக் கவ்விக்கொண்டு வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யைக் கட்டித் தொங்கவிட்டவனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

குறித்த நாளில் யானை வந்தது. மருத மரத்தின் நறுக்கைத் தூக்கிப் பார்த்தது: 26. தான் போட்ட சுண்ணாம்புக் கோடு மரத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. சீட்டில் கோட்டைப் பற்றி எதுவும் இல்லையே! தேடிக்கொண்டு போய் அறுபத்திரண்டைக் கண்டுபிடித்தது. அடிக்கட்டை. இரண்டு உதையில் பெயர்ந்தது. ‘62 அகற்றப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிற்று.

பின்னாலேயே வேலி போடுகிறவர்கள் வந்தார்கள். இருபத்தாறாம் எண்ணைச் சுற்றி முள்வேலி போட்டு ‘பாதுகாக்கப்பட்ட மரம். தொடாதே’ என்று பலகை நட்டார்கள். நேரான பாதை மருத மரத்துக்கு முன்னால் வந்ததும் ஒரு பெரிய வளைவு வளைந்து சுற்றிக்கொண்டு போயிற்று. வரைபடத்தில் இல்லாத வளைவு. அதில் தினமும் இடறி விழுந்தவர்கள் ராஜாவுக்கு ஏதோ தொலைநோக்கு இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆறு முட்டையும் பொரிந்தன. ஆறு வாய்க்கும் புழு கொண்டுவந்து கொடுக்கும் வேலையில் பாரூக்குக்குக் குற்ற உணர்ச்சிக்கு நேரம் கிடைக்கவில்லை.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தும் முளைக்காமலும் இருந்த வாரம், கரையான்கள் வந்தன. சாரை சாரையாக, அலுவலகத்து வாசல் நிறைய. பாரூக்கை ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். கரையான்களின் தலைவர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“மன்னிக்கணும் ஐயா. உங்க லெட்டர் அடுக்குல ரொம்பக் கீழ கெடந்துச்சு. போன மாசந்தான் சாப்பிட எடுத்தோம். வாயில வச்சதும் விஷயம் வெளங்கிடுச்சு. என்ன அருமையா எழுதியிருக்கீங்க! நீங்க சொன்னபடியே பண்ணிட்டோம். எழுத்து வலப்பக்கத்துலேர்ந்து வரும், எண் தன்பாட்டுக்கு நேரா நிக்கும். திருப்பியத் தூக்கிட்டோம். எங்களுக்குக் கண்ணு இல்ல. நீங்க பாத்து சரியா தப்பான்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

“சரின்னு சொன்னா?” என்றான் பாரூக்.

“அடுத்த நிமிஷம் பழைய வரியையும் சேத்து நேராக்கிடுவோம். இப்ப உங்க ஆட்சேபமே உள்ள 26-ன்னு தப்பாப் பதிவாயிருக்கு. அது நீங்க எழுதின மாதிரியே 62 ஆயிடும்.”

“அந்த வேலி?”

“அதுவும் 62-க்குப் போயிடும். நியாயப்படி அங்கதான இருக்கணும்?”

அறுபத்திரண்டு இப்போது ஒரு குழி. மருத மரம் வேலியில்லாமல் பாதைக்கு நடுவில் நிற்கும். வாசலில் யானை நின்றுகொண்டிருந்தது. உடும்பு அதை அன்று வேறு ஏதோ வேலைக்காக வரச் சொல்லியிருந்தது. வேலி போய்விட்டால், மரத்தைத் தள்ளி வளைவை நேராக்க உடும்பு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

“ஒரு பத்து நாள் கழிச்சு வர முடியுமாய்யா?”

“இன்னைக்கு விட்டா எங்களுக்கு அடுத்த சுத்து எட்டு வருஷம் ஆகும்யா.”

அவர்கள் திரையை அவன் பக்கம் திருப்பினார்கள். சோதனைக்காக அவனுடைய ஆட்சேபத்தையே போட்டிருந்தார்கள். ‘62 எண் மரத்தில் என் மனைவி அடைகாக்கிறாள். வெட்டாதீர்கள்.’ பின்னால் ஒரு திருப்பியும் இல்லாமல், எழுத்து எழுத்தின் இடத்தில், எண் எண்ணின் இடத்தில். தன் மொழி அந்தத் திரையில் அப்படி ஒரு நாள் நிற்க வேண்டும் என்றுதான் அவன் அந்தக் கடிதத்தை எழுதினான். ஒருமுறை படித்தான். இரண்டாம் முறை படிக்க அவனால் முடியவில்லை.

“தப்பு” என்றான்.

கரையான்கள் திகைத்தன. “தப்பா? எது தப்பு?”

“எல்லாமே. எண் திரும்பித்தான் இருக்கணும். எங்க வழக்கம் அப்படி. பழையபடியே போட்டுடுங்க.”

கண் இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்து ஒரு கரையானாவது கண்டுபிடித்திருக்கும். மைனாவுக்குக் கண் இருந்தது. அது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

உடும்புக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே ஒரு தாளை எடுத்து நீட்டியது. “அப்படியே எழுத்துல குடுத்துடுங்கய்யா. பன்னிரண்டு குடும்பம் சார்பா. ‘எங்கள் மொழியில் இருப்பதே முழுமை, எந்தத் திருத்தமும் வேண்டாம், இனியும் கேட்க மாட்டோம்’னு.”

பாரூக் எழுதினான். வலமிருந்து இடமாக, தன் நல்ல கையெழுத்தில், நிதானமாக எழுதிக் கீழே பெயரும் போட்டான். கரையான்கள் திருத்தத்தைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே சாரையாகப் போயின.

பன்னிரண்டு நாள் கழித்துக் குஞ்சுகள் ஆறும் பறந்தன. தீர்சா அவற்றுக்கு எபிரேயம் சொல்லிக் கொடுத்தாள், பாரூக் எண் சொல்லிக் கொடுத்தான். அதில் கெட்டிக்காரக் குஞ்சு ஒன்று, “அப்பா, வீட்டுல இருபத்தி ஒண்ணுன்னு எழுதுறோம், திரையில மட்டும் ஏம்பா பன்னெண்டுன்னு வருது?” என்று கேட்டது. பாரூக் அதன் தலையில் ஒரு குட்டு வைத்து, “திரையில வர்றதுதான் சரி” என்றான். அவன் பிள்ளையை அடித்தது அதுதான் முதல் தடவை.

நீதி: தாய்மொழியில் சேவை வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் அதிகாரிகள் அவசரப்பட்டு ஒழுங்காகக் கொடுத்துவிடக் கூடாது. கோணலாகக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச காலம் பொறுத்திருந்தால், ஒழுங்கானது வேண்டாம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.